ரேகைச் சட்டக் காலத்தில் குடும்ப வாழ்க்கை: பிறமலைக் கள்ளர் நாடு, 1914–1947

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது, சில சமூகங்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனக் கருதி, அவர்களைக் காவல்துறையின் நிரந்தரக் கண்காணிப்பில் வைப்பதற்காக ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டமாகும். வயது வந்த ஆண்களின் விரல் ரேகைகளைப் பதிவு செய்ததால் மதுரை வட்டாரத்தில் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே மக்கள் அழைத்தனர். இச்சட்டத்தைப் பற்றிய எழுத்துகளில் போராட்டங்களும் துப்பாக்கிச் சூடும் தலைவர்களின் பெயர்களும் பரவலாக இடம்பெறுகின்றன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் இச்சட்டத்தின் கீழ் வீடுகளில் சமைத்து, விதைத்து, பெண் கொடுத்து, பிள்ளை வளர்த்து வாழ்ந்த குடும்பங்களின் அன்றாடம் அவ்வளவாக எழுதப்படவில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதியின் பிறமலைக் கள்ளர் சமூகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த அன்றாடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

நாடும் மக்களும்

மதுரைக்கு மேற்கே நாகமலைத் தொடர் நீண்டு கிடக்கிறது. அந்த மலைக்கு அப்பால், மேற்கே உசிலம்பட்டி வரையிலும் அதற்கு அப்பாலும் பரவியுள்ள நிலப்பகுதியே பிறமலைக் கள்ளர் நாடு எனப்படுகிறது. இதனை எட்டு நாடு, இருபத்து நான்கு உபகிராமம் எனப் பிரித்துக் கூறுவது மரபு. கருமாத்தூர், பாப்பாபட்டி, கொக்குளம் போன்ற ஊர்கள் அந்த வரிசையில் வருகின்றன. நாயக்கர் ஆட்சிக் காலத்தில் இச்சமூகத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டதாகக் கூறப்படும் செப்பேடுகளும் உள்ளன.

நிலம் பெரும்பாலும் கரடும் மேடும் கலந்த மானாவாரி பூமி. கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, பருத்தி ஆகியவை விளைந்தன. கிணறு உள்ளவர்கள் கமலை கட்டி நீர் இறைத்தனர். மழை பொய்த்தால் விதைத்த விதையும் வீடு திரும்பாது. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கு மலையின் நீர் வைகை வழியாக மதுரை, மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்தது. உசிலம்பட்டிப் பகுதியின் மேட்டு நிலங்களை அந்த நீர் எட்டவில்லை. ஒரே மாவட்டத்தில் ஒரு பகுதி நெல் விளையும் பூமியாகவும் மற்றொரு பகுதி வானம் பார்த்த பூமியாகவும் பிரிந்து நின்றன. பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

காவல் முறையும் அதன் சீர்கேடும்

ஆங்கிலேயரின் காவல்துறை உருவாவதற்கு முன், தென் தமிழகத்தின் பல கிராமங்களில் 'காவல்' என்னும் முறை நிலவியது. ஓர் ஊரின் பயிர், கால்நடை, வீடு ஆகியவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பைக் காவல்காரர் ஏற்பார். அறுவடை முடிந்ததும் களத்திலேயே அவருக்குத் தானியமாகக் கூலி அளக்கப்படும். காவலில் உள்ள ஊரில் பொருள் களவு போனால், அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதோ, ஈடு கட்டுவதோ காவல்காரரின் கடமை. கள்ளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் காவல் உரிமை பரம்பரைச் சொத்தாக இருந்தது. நிலம் போலவே இதுவும் பங்காளிகளுக்குள் பிரிக்கப்பட்டது.

1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் சம்பளம் பெறும் காவல்துறை அமைக்கப்பட்டது. அரசின் பார்வையில் காவல்காரர் இனித் தேவையற்றவர். ஆனால் கிராமத்தில் பழைய முறை உடனே மறையவில்லை. கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போவதும், 'துப்புக்கூலி' எனும் தொகையை இடையாள் மூலம் கொடுத்தால் குறிப்பிட்ட இடத்தில் மாடு கட்டிக் கிடப்பதும் வழக்கமாயின. பாதுகாப்புக்காக ஏற்பட்ட முறை அச்சுறுத்திப் பணம் பெறும் வழியாகச் சிதைந்தது.

இதனால் துன்பமுற்றவர்களும் ஏழைக் குடியானவர்களே என்பதை மறைக்கக் கூடாது. உழவு மாட்டை இழந்த வீட்டில் அந்த ஆண்டு உழவு இல்லை. ஆட்டுக் கிடையை இழந்த இடையருக்குப் பிழைப்பு இல்லை. 1896-இல் திண்டுக்கல், பெரியகுளம், பழனி வட்டாரங்களில் காவல் முறைக்கு எதிராகப் பெரிய இயக்கம் எழுந்தது. ஊரார் பணம் சேர்த்து நிதி அமைத்து, களவு போன மாட்டுக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தனர். தாங்களே வேறு காவல் வைத்துக்கொண்டனர். இதனைப் 'பண்டு' இயக்கம் என்பர். கலவரங்கள் நடந்தன, வீடுகள் எரிந்தன. காவலுக்காக வெளியூர்களில் குடியேறியிருந்த கள்ளர் குடும்பங்கள் பல அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. இரு தரப்பிலும் அச்சத்தோடு இரவைக் கழித்த குடும்பங்கள் இருந்தன.

சட்டம் வந்த வழி

குற்றப் பரம்பரைச் சட்டம் முதன்முதலில் 1871-இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்டது. தச்சரின் மகன் தச்சராவது போலக் குற்றமும் தலைமுறையாகத் தொடரும் தொழில் என்ற கருத்தே அதன் அடிப்படை. இந்தியச் சாதி முறையை மேலோட்டமாகப் பார்த்து எடுத்த தவறான முடிவு அது. 1911-இல் சட்டம் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் பொருந்துமாறு விரிவாக்கப்பட்டது. 1924-இல் மீண்டும் ஒருமுறை தொகுத்து இயற்றப்பட்டது.

மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது 1914-இல் இச்சட்டம் பாய்ந்தது. 1918-இல் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் இதன் கீழ் கொண்டுவரப்பட்டது. உழுதவர், கடை வைத்திருந்தவர், ஒருநாளும் வழக்கில் சிக்காதவர் என்ற வேறுபாடு அறிவிப்பில் இல்லை. விலக்கு அளிக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. குற்றம் செய்யாதவர், தாம் குற்றம் செய்யாதவர் என்று மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை அது.

சட்டத்தின் முக்கிய விதிகள் பின்வருமாறு அமைந்திருந்தன:

1. அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விரல் ரேகை பதிக்க வேண்டும்.
2. பதிவு செய்யப்பட்டவர் குறித்த நேரங்களில் அதிகாரி முன் ஆஜராக வேண்டும் என்றும், தங்குமிடத்தையும் அதில் ஏற்படும் மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்றும் அரசு கட்டளையிடலாம்.
3. ஆஜராகும் விதியை மீறினால் முதல்முறை ஆறு மாதம் வரை சிறை. மீண்டும் மீறினால் தண்டனை கூடும்.
4. சந்தேகத்துக்கு இடமான சூழலில் காணப்பட்டாலே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.
5. ஆறு வயதுக்கு மேற்பட்ட, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு.
6. ஒரு சமூகம் இச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

இறுதி விதியே மிகக் கொடியது. களவுக் குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் வாதாடலாம். பிறப்பால் குற்றம் சாட்டப்பட்டவர் வாதாட இடமே இல்லை.

இரவு

சட்டம் முதலில் பறித்தது இரவை. பதிவு செய்யப்பட்ட ஆண்களில் பலர் இரவில் ஊர்ச் சாவடியிலோ, மந்தையிலோ, காவல் நிலையத்திலோ சென்று படுக்க வேண்டியிருந்தது. சில ஊர்களில் முன்னிரவில் ஒருமுறையும் விடியலுக்கு முன் ஒருமுறையும் கிராம முன்சீப் முன் நின்று பெயர் கொடுக்க வேண்டும். மழையானாலும் காய்ச்சலானாலும் கணக்கு கணக்குதான்.

மானாவாரி விவசாயத்தில் இரவுக்குத் தனி இடம் உண்டு. கதிர் முற்றிய கொல்லையில் பன்றிக்கும் களவுக்கும் காவல் இருக்க வேண்டும். களத்தில் குவித்த தானியத்தின் பக்கத்தில் படுக்க வேண்டும். கோடையில் கமலை இறைப்பவர்கள் வெயில் ஏறுமுன் இருட்டிலேயே மாட்டைப் பூட்டுவர். ஆண்கள் சாவடியில் முடங்கியபோது இந்த வேலைகள் பெண்கள் மீதும் முதியவர் மீதும் விழுந்தன. ஊர்க்காவலையே தொழிலாகக் கொண்டிருந்தவர்களின் சொந்தக் கொல்லைக்குக் காவல் இல்லாமல் போனது.

வீட்டில் இரவில் பிரசவ வலி கண்டால் மருத்துவச்சியை அழைக்க ஓடுவதற்கு ஆண் இல்லை. பாம்பு கடித்தால் தூக்கிச் செல்ல ஆள் இல்லை. அப்படியே ஒருவர் சாவடியை விட்டு எழுந்து ஓடினாலும், மறுநாள் அவர் எங்கே போனார் என்பதற்குச் சாட்சி தேட வேண்டும். புதிதாக மணமான மாப்பிள்ளையும் முதல் இரவில் சாவடிக்கே போய்ப் படுத்தார் என்பது உசிலம்பட்டிப் பகுதிக் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. மகனும் தந்தையும், மாமனாரும் மருமகனும் ஒரே வரிசையில் நின்று பெயர் கொடுத்த அவமானத்தையும் பெரியவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

ராதாரிச் சீட்டு

ஊரை விட்டு வெளியே செல்ல 'ராதாரிச் சீட்டு' எனப்படும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. செல்பவரின் பெயர், அடையாளம், செல்லும் ஊர், காரணம், திரும்பும் நாள் ஆகியவை அதில் குறிக்கப்படும். சேரும் ஊரில் அதைக் காட்டிக் கையெழுத்துப் பெற வேண்டும். சீட்டு இல்லாமல் வெளியூரில் பிடிபட்டால் வழக்கு.

குடும்பம் என்பது ஒரு கூரைக்குள் முடிந்துவிடுவதில்லை. பிறமலைக் கள்ளர் சமூகத்தில் திருமண உறவு என்பது தலைமுறைகளுக்குத் தொடரும் கொடுக்கல் வாங்கல். பெண் கொடுத்த வீட்டார் தலைப்பிள்ளைக்குச் செய்யும் சீர், காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுவரும் வரிசை, பருவமெய்திய மருமகளுக்குக் கட்டும் குச்சு, இழவு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் கோடித் துணி, மொய் எனச் செய்முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவை எல்லாவற்றுக்கும் ஊர் விட்டு ஊர் போக வேண்டும்; அதுவும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் போக வேண்டும். தாய்மாமன் வராத காதுகுத்து நடக்காது. அண்ணன் தம்பி வராத இழவு வீட்டில் பிணம் எடுக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் சீட்டு குறுக்கே நின்றது. சாவுச் செய்தி வந்த வீட்டில் அழுகையோடு முன்சீப் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். அவர் ஊரில் இல்லையென்றால் அன்றைய பயணம் இல்லை. கையெழுத்திடும் அதிகாரம் ஒருவரிடம் குவிந்ததால், கோழி, நெய், கூலியில்லா வேலை எனக் கையூட்டும் வளர்ந்தது என்பது ஊர் நினைவு. பொருளைவிட மனத்தாங்கல் பெரிதாக இருந்தது. சீட்டுக் கிடைக்காமல் வராதவருக்கும், வேண்டுமென்றே வராதவருக்கும் வேறுபாடு காண்பது உறவினருக்கு எளிதன்று. சந்தைக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் இதே நிலைதான். மாசி மாதச் சிவராத்திரியில் உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப்பெட்டி எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. பங்காளிகள் பல ஊர்களிலிருந்து ஒன்றுகூடினால்தான் இத்தகைய வழிபாடு நிறைவேறும்.

பெண்கள்

பதிவேட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் பதிவேட்டின் சுமையைத் தாங்கியவர்கள் பெண்கள். கணவன் சிறையில் இருந்தால் நிலத்தையும் மாட்டையும் கடனையும் மனைவியே பார்த்துக்கொள்ள வேண்டும். கணவன் சாவடிக்கு வரவில்லையென்றால் காவலர் முதலில் கேட்பது அவளைத்தான். அடுப்படியில் தானியப் பானையைக் கவிழ்த்துச் சோதனையிடும்போது வீட்டில் இருப்பவளும் அவளே. பக்கத்து ஊரில் களவு நடந்த செய்தி வந்த இரவில், குற்றம் செய்யாத வீட்டுப் பெண்ணும் விழித்திருந்தாள்.

இச்சமூகத்துப் பெண்கள் அடங்கி ஒடுங்கியவர்கள் அல்லர். கொல்லை வேலையிலும் சந்தையிலும் சரிபாதி உழைப்பு அவர்களுடையது. மணவிலக்கும் மறுமணமும் ஊர்ப் பெரியவர் முன்னிலையில் முறையாக நடந்தன. காதில் தண்டட்டி ஆட அவர்கள் நடத்திய குடும்ப நிர்வாகம்தான் இந்த முப்பது ஆண்டுகளில் வீடுகளைக் குலையாமல் காத்தது. அரசு ஆவணங்களில் இதற்குப் பதிவு இல்லை.

பெருங்காமநல்லூர்

ரேகை பதிக்க எல்லா ஊர்களும் இசையவில்லை. சேடப்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் பதிவு செய்ய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காலையில் ஆயுதக் காவலர் படை ஊருக்கு வந்தது. பேச்சுவார்த்தை பயனளிக்கவில்லை. கூட்டத்தின் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றபோது அவர் கொல்லப்பட்டார் என்று ஊரார் கூறுவர். ஊரில் இன்று அவர்கள் நினைவாகத் தூண் உள்ளது.

இறந்தவர்கள் போராட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பக்கத்து ஊர்களில் ரேகை வைத்தவர்களின் வீடுகளில் என்ன நடந்தது என்பதை அவர்கள் கண்டிருந்தனர். அது தம் வீட்டில் நடக்கக் கூடாது என்றே மறுத்தனர். அதன் பின்னும் சட்டம் தளர்த்தப்படவில்லை. எஞ்சிய ஊர்களும் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

இம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் முதன்மையானவர் மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் செங்கன்னூரில் பிறந்த இவர் விடுதலைப் போராட்ட வீரர். மக்கள் இவரை அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். 1938-இல் அவர் மறைந்த பின்னும், பிள்ளைகளுக்கு ரோசாப்பூ எனப் பெயரிடும் வழக்கம் இப்பகுதியில் இருந்தது. வழக்கில் துணை நின்ற ஒருவரின் பெயர் தொட்டிலில் இடப்பட்டது, அந்த வழக்கு வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

பிள்ளைகளும் பள்ளிகளும்

அரசு கண்காணிப்போடு நிற்கவில்லை. 1920-ஐ ஒட்டி 'கள்ளர் சீரமைப்பு' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளிகள், மாணவர் விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஊர்ப் பஞ்சாயத்துகள் ஆகியவை அதில் அடங்கும். பிள்ளைகள் படித்தால் களவு ஒழியும் என்பது அரசின் எண்ணம்.

பெற்றோருக்கு இது எளிதான முடிவாக இருந்திருக்காது. தந்தையின் ரேகையைப் பதித்த அதே அரசுதான் மகனைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னது. ஆறு வயதுப் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போகலாம் என்ற விதி சட்டத்தில் இருந்தது. ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் வீட்டுக்குத் தேவைப்பட்டனர். இருந்தும் பள்ளிகள் மெல்ல நிறைந்தன. தந்தை சாவடியில் ரேகை வைத்த காலத்தில் மகன் பலகையில் எழுத்துக் கற்றான். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வீட்டிலேயே ஆள் கிடைத்தது. பதிவேட்டில் கைநாட்டாக இருந்த குடும்பம் அடுத்த தலைமுறையில் மனுவில் கையெழுத்திட்டது.

சிறுமையோடு தொடங்கப்பட்ட ஒன்று நன்மையாக முடிந்ததற்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எடுத்துக்காட்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இப்பள்ளிகள் ஏறத்தாழ 300 என்ற அளவுக்குப் பெருகின. இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023-இல் வந்தபோது, தனி அடையாளம் நீடிக்க வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன.

பிற சமூகங்களின் நிலை

கள்ளர் சமூகம் இதில் தனித்து நிற்கவில்லை. மறவர், குறவர், வலையர் உள்ளிட்ட பல சமூகங்கள் இச்சட்டத்தின் கீழ் வந்தன. குறவர்களின் துன்பம் வேறு வகையானது. கழுதையிலும் பொதிமாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்ற வணிகர்கள் அவர்கள். இருப்புப்பாதையும் அரசின் உப்புக் கொள்கையும் அந்த வணிகத்தை அழித்தன. பின்பு, பிழைப்புக்காக அலைந்ததே குற்றமாகக் கருதப்பட்டது.

இவ்வாறு அலைகுடிகளாகக் கருதப்பட்டோர் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். ஆந்திரத்தில் குண்டூர்ப் பகுதியில் இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்டுபுரம் குடியிருப்பு 1913-இல் தொடங்கியது. அங்கே எருகுல மக்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். கள்ளர் தம் சொந்த ஊரிலேயே கைதியாக்கப்பட்டனர் என்றால், இவர்களுக்கு ஊரே புதிதாக இருந்தது.

சட்டத்தின் முடிவு

1920-களின் இறுதியிலிருந்து எதிர்ப்பு ஒருமுகப்பட்டது. ஆப்பநாட்டு மறவர் மீது சட்டம் விரிவாக்கப்பட்டபோது உ. முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று எதிர்த்தார். காங்கிரசிலும் பிற கட்சிகளிலும் இச்சட்டத்துக்கு எதிரான குரல் வலுத்தது. 1947-இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் அது முடிவுக்கு வந்தது. அவ்வாறு விடுபட்ட சமூகங்களைத் தமிழ்நாட்டில் 'சீர்மரபினர்' என்கிறோம். அரசுப் பட்டியலில் 68 சமூகங்கள் உள்ளன.

சட்டம் நீங்கிய இரண்டே ஆண்டில், 1949-இல், லூயி துய்மோன் என்னும் பிரெஞ்சு மானிடவியலாளர் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள தெங்கலப்பட்டியில் தங்கி இம்மக்களை ஆராய்ந்தார். 1957-இல் வெளியான அவரது நூலின் பெரும்பகுதி உறவுமுறை, திருமணம், சொத்துரிமை, வழிபாடு ஆகியவற்றைப் பற்றியது. திருமண உறவு தலைமுறை கடந்து தொடரும் ஓர் ஒப்பந்தம் என்னும் அவரது புகழ்பெற்ற கருத்துக்கு இங்கே கண்ட செய்முறைகள் பெரிதும் துணை நின்றன. காவல்துறைப் பதிவேடு முப்பது ஆண்டுகளாகக் குற்றவாளிகளைக் கண்ட ஊர்களில், அவர் நுணுக்கமான குடும்ப ஒழுங்கைக் கண்டார். சீட்டு முறை அறுக்க முயன்ற இழைகள் அறுபடாமல் இருந்தன என்பதற்கு அந்த நூல் சான்று.

பாப்பாபட்டியில் 1923-இல், அதாவது ரேகைக் காலத்தின் நடுவே, பிறந்தவர் பி. கே. மூக்கையா தேவர். அவர் பின்னாளில் உசிலம்பட்டியின் சட்டமன்ற உறுப்பினராகப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் ஆகிய மூன்று ஊர்களில் கல்லூரிகள் தோன்றப் பாடுபட்டார். பிள்ளைகளின் படிப்புக்கு இக்குடும்பங்கள் கொடுத்த முதன்மையை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

எஞ்சியிருப்பவை

சட்டம் போனாலும் அதன் நிழல் உடனே அகலவில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சமூகத்துக்குப் பதிலாகத் தனிமனிதரைக் குறிப்பது அதன் வேறுபாடு. ஆனால் பழைய பதிவேட்டுப் பெயர்களே புதிய சந்தேகத்துக்கும் எளிதில் இலக்காயின. களவு நடந்தால் குறிப்பிட்ட குடியிருப்புகளை நோக்கி முதலில் செல்லும் பழக்கம், குறிப்பாகக் குறவர் குடும்பங்களின் விஷயத்தில், இன்னும் முற்றிலும் மறையவில்லை. சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளை நீக்கி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சீர்மரபினரைப் பிறப்பால் குற்றவாளிகளாகக் கருதும் மனப்போக்கும் கண்டிக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர்கள் பிரித்தறிய வேண்டியது ஒன்று உண்டு. மாட்டுக் களவும் துப்புக்கூலியும் உண்மையான தீமைகள். அவற்றால் அழிந்த குடியானவர் வீடுகளும் உண்மை. களவு செய்தவரைப் பிடித்துத் தண்டிப்பது அரசின் கடமை. ஆனால் ரேகைச் சட்டம் களவு செய்தவரைத் தேடவில்லை; ஒரு சமூகத்தின் எல்லா வீடுகளையும் எண்ணி வைத்துக்கொண்டது. அதனால் திருடனுக்கும் திருடாதவனுக்கும் உள்ள வேறுபாட்டை அரசே அழித்தது. களவைக் குறைக்கத் தேவையான தண்ணீர், நிலம், படிப்பு ஆகியவற்றுள் படிப்பு மட்டுமே ஓரளவு வந்து சேர்ந்தது. அதைப் பற்றிக்கொண்டே அந்தக் குடும்பங்கள் எழுந்தன.

உசிலம்பட்டிப் பகுதியில் இன்று தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு ஊர்வலமாக வருகிறது. வேனிலும் லாரியிலும் உறவினர் வந்து இறங்குகின்றனர். மொய் நோட்டில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக எழுதப்படுகின்றன. ஒரு காலத்தில் அந்த ஒவ்வோர் ஊரிலிருந்தும் புறப்பட ஒருவர் கையெழுத்து வேண்டியிருந்தது.